நாவிழந்த விளையாட்டுகள்

கணினி விளையாட்டெல்லாம் கேடு என்று தள்ளுவார் ஒருசாரார். எல்லாம் அறிவுவளர்ச்சி என்று கைதட்டுவார் மறுசாரார். இருவரும் எடைபோட்டுப் பார்த்திலர்.

இணைய இரம்மியில் நன்மை எள்ளளவும் இல்லை. தமிழக அரசு 2022இல் தடைச்சட்டம் இயற்றியும், 2023இல் சென்னை உயர் முறைமன்றம் அதனைத் திறன்விளையாட்டென்று விலக்கிவிட்டது. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நடுவணரசு தடுக்க முனைந்தது 2025இல்தான். அதற்குள் எத்தனை குடி கெட்டது!

2020இல் தடையுண்டு, மறு ஆண்டே வேறு பெயர் பூண்டு வந்த பப்சி வேறு வகை. நால்வர் கூடிக் குறிப்பறிந்து விரைந்து முடிவெடுக்கும் பயிற்சி அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் உறக்கத்தைத் தின்கிறது. அதனினும் தீது, அது பிள்ளை நாவில் ஏற்றும் மொழி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உரசும் எம் இராயக்கோட்டைத் தெருவில், ஆடும் சிறுவன் 'சுடு' என்னான், 'பின்வாங்கு' என்னான். அவன் வாயில் வருவன ஆங்கிலச் சொற்களே.

'வெண்பா' என்னும் விளையாட்டு 2023இல் கனடாவின் தொராண்டோவில் உருவாயது. அங்குக் குடியேறிய தமிழ்த்தாய், சிதைந்துபோன தன் தாயின் சமையலேட்டைத் துருவித் துருவிப் படித்து இட்டலியும் புட்டும் அவிக்கிறாள். மகனோ தமிழெழுத்தில் தடுமாறுகிறான். 2024இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகம் சிறந்த முதற்படைப்பென அதற்கு விருதளித்தது. ஓரிரு மணியில் முடிந்துவிடுவதும், சிறுவர்க்கு விறுவிறுப்புப் போதாமையும் அதன் குறைகள்.

நம் ஓசூர்ப் பகுதியிலோ கைப்பேசியின் உறுப்புகளை நம் பெண்மக்கள் செய்கின்றனர். கருவிக்கு உடல் தருகிறோம். அதனுள் ஆடும் விளையாட்டுக்குத் தமிழ் நா தரக் கணினி கற்ற நம் இளைஞர் எத்தனைபேர் எழுந்தனர்?