குற்றாலத்துப் பசி

சாரல் விழ ஆரம்பித்ததும் வீட்டில் பேச்சு கிளம்பிவிடும், "குற்றாலத்துல தண்ணி விழுதாம்!" என்று. எண்ணெய், சீயக்காய், மாற்றுத் துணி எல்லாம் ஞாபகமாய் எடுத்து வைக்கிறோம். பிள்ளைகள் மத்தியானம் எங்கே சாப்பிடும் என்பதை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டேன்.

ஐந்தருவியில் குளித்துக் கரையேறும்போது மணி மூன்று. அருவிப் பசி இருக்கிறதே, அது கண்ணை மறைக்கிற பசி! கிடைத்த ஹோட்டலில் நுழைந்தோம். சாப்பாடு தீர்ந்து, இட்லிதான் இருந்தது. அத்தை தேங்காய்ச் சட்னியை மோந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இது காலையில அரைச்சது மாதிரி இருக்கு. பிள்ளைக்கு வைக்காத" என்றார்கள். "ஒண்ணும் செய்யாது அத்தை" என்று ஊட்டிவிட்டேன்.

ராத்திரி மூன்று வயதுச் சின்னவனுக்கு வாந்தி, பேதி. விடிவதற்குள் துவண்டு, கண் உள்ளே போய்விட்டது. தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "குடிக்க என்ன கொடுத்தீங்க?"

ஒன்றுமே கொடுக்கவில்லை. குடித்தால் இன்னும் போகுமே என்று பயந்து, தண்ணீரைக்கூட நிறுத்தியிருந்தேன். சட்னியைவிடப் பெரிய தப்பு அதுதான் என்று அன்று புரிந்தது. பிள்ளை பிழைத்தது தெய்வச் செயல்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே சட்டம்: கடைப் பெயரைப் பார்க்காதே, அடுப்பைப் பார். பகல் சாப்பாடு என்றால் தென்காசியில் பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துவிடுவோம். சோறும் ரசமும் ஆவி பறக்க இலைக்கு வரும். அருவிக் குளியல் அதற்கப்புறம், சற்றுப் பொறுத்துத்தான்.

சாயங்காலம் பரோட்டா ஆசை வந்தால், செங்கோட்டை வழியில் பிரானூர். 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேரும்வரை அங்கேதான் எல்லை. அதனால்தான் இன்றும் 'பார்டர் பரோட்டா' என்கிறார்கள். கல்லிலிருந்து நேரே இலைக்கு வருகிறதா என்று பாருங்கள். சிறிசுகளுக்கு ஒன்று போதும். சால்னா காரம், தொட்டுக் கொடுத்தால் போதும்.

வழியில் ரம்புட்டான், மங்குஸ்தான் விற்கும். முழுப் பழமாக வாங்கி நீங்களே உரியுங்கள். ரம்புட்டான் கொட்டையை எடுத்துவிட்டே கொடுங்கள்; தொண்டையில் சிக்கிக்கொள்ளும். நறுக்கி வைத்த பழம் வேண்டவே வேண்டாம்.

பையில் கொதித்து ஆறின தண்ணீரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டும் இருக்கட்டும். உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாக்கெட் இல்லாவிட்டால், 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு தடவை போன பிறகும் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பிள்ளை துவண்டாலும், கண் குழிந்தாலும், மூத்திரம் போகாவிட்டாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும், குடிக்கவே முடியாவிட்டாலும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

இப்போது எந்த ஹோட்டலுக்குப் போனாலும் சட்னிக் கிண்ணம் முதலில் அத்தையிடம்தான் போகும். அவர்கள் தலையசைத்தால்தான் எங்களுக்கு!