நிலத்திற்கேற்ற செம்மறி

ஆடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் முதலில் நோக்குவது அதன் உயரத்தையும் பருமனையுமே. பார்வைக்குப் பெரிய ஆடே இலாபந் தரும் என்னும் அபிப்பிராயம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களிலும் உண்டு. இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்தல் நலம்.

வீட்டுச் செம்மறியின் முன்னோர் காட்டு ஆடுகளே. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் மனிதர் அவற்றைப் பழக்கினர். தென்னிந்தியாவில் காட்டுச் செம்மறி கிடையாது. நீலகிரி வரையாடு வேறு இனம். லடாக்கின் குளிர்ப்பாலையில் ‘ஷாபு’ என்னும் காட்டுச் செம்மறி வாழ்கிறது. செம்பழுப்பு நிறமும், நீண்ட கால்களும், கிடாய்க்கு வளைந்த பெருங் கொம்புகளும் அதன் அடையாளங்கள். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களிலுள்ள பெருங்கொம்புச் செம்மறியோ தழைகளின் ஈரத்தைக் கொண்டே பல நாட்கள் தண்ணீரின்றித் தாங்கும். இவ்விரண்டிற்கும் வீட்டாட்டைப் போன்ற கம்பளி கிடையாது. ஆண்டுதோறும் உதிரும் உரோமமே உண்டு. அடர்ந்த கம்பளி மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்ததன் பயன். ஆதலின் உரோமம் குட்டையாயிருப்பது ஆட்டிற்குக் குறையன்று. வறண்ட நாட்டிற்கேற்ற குணமேயாம்.

இக்குணம் சேலம், தருமபுரிப் பக்கங்களுக்குரிய மேச்சேரி ஆட்டில் நன்கு அமைந்துள்ளது. இளஞ்சிவப்புப் பழுப்பு நிறம், மிகக் குட்டையான உரோமம், சிறிய மெல்லிய வால், கொம்பில்லாத தலை ஆகியவை அதன் இலட்சணங்கள். வளர்ந்த கிடாய் சுமார் 35 கிலோவும், பெட்டை சுமார் 22 கிலோவும் நிற்கும். அதன் தோல் மிக உயர்ந்தது எனப் பெயர் பெற்றது. இவ்வினத்தைப் பேணும் பொருட்டு 1978-ஆம் ஆண்டில் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

பெரிய ஜாதிக் கிடாயின் குட்டி விரைவில் எடை ஏறாதோ எனச் சிலர் வினவுவர். பசுந்தீவனமும் தானியமும் குறைவின்றி அளிப்பவர்க்கு அது உண்மையே. அறுவடைத் தாளையும் கரட்டுப் புல்லையும் நம்பியிருப்பவர்க்கு அஃது ஒவ்வாது. உடல் பெருத்தால் தீனியும் பெருக வேண்டும். கோடையில் அது கிட்டாதபோது பெரிய ஆடே முதலில் மெலியும். மேலும், கண்டபடி கலப்புச் செய்தால் சில தலைமுறைகளில் சுதேச ஜாதியின் குணங்கள் மறைந்துபோம். பின்னர் அவற்றை மீட்டல் அரிது. ஆகவே மந்தையிற் சிறந்த பெட்டைகளை விற்காது வைத்துக்கொண்டு, 25 அல்லது 30 பெட்டைகளுக்கு ஒரு நல்ல கிடாய் விடுக. அக்கிடாயை இரண்டாண்டுக்கொருமுறை வேற்று மந்தையிலிருந்து மாற்றுக.

ஆயினும் மேய்ச்சல் நிலமின்றி எந்த ஜாதியும் பிழைக்காது. 1970-களில் தொடங்கி ஓசூரில் தொழிற்பேட்டைகள் பெருகின. நிலத்தின் விலை ஏறிற்று. தரிசுகளைச் சுற்றி வேலிகள் எழுந்தன. ஆலைகள் வேண்டாமென்பதன்று, பலர்க்கு அவை பிழைப்பளிக்கின்றன. ஆனால் மந்தை செல்லும் பாதையும், நீரருந்தும் ஏரிக்கரையும், மேய்ச்சற் புறம்போக்கும் அடைபட்டால் சிறு குடியானவரின் பட்டி கலைந்துவிடும். அவர் வயலுக்குக் கிடை எருவும் இல்லாமற்போம். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இவற்றின் எல்லைகளைக் கணக்கில் சரிபார்த்து, ஆக்கிரமிப்பைத் தொடக்கத்திலேயே தடுத்தல் கடமையாகும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது ஆட்டுப்பட்டிக்கும் பொருந்தும். நிலத்தை அறிந்து ஆட்டைத் தெரிந்தெடுப்பவர்க்கே பஞ்ச காலத்திலும் பட்டி நிலைக்கும்.