மருந்து உள்ள நோய்க்குச் சங்கிலி! மருந்து இல்லாத நோய்க்கு விலைச்சீட்டு!

இளைஞர்களே! வணிகப் பெருமக்களே!

உங்களிடம் ஒரு கணக்குக் கேட்கிறோம். ஒரு கடை. அங்கே விலை குறைந்த, தரமான, பல்லாண்டு சோதித்துப் பார்த்த சரக்கு அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. கேட்பார் இல்லை. அதே கடை வாசலில், விலை வானத்தைத் தொடும், பலன் தரையைத் தொடும் இன்னொரு சரக்குக்கு விளம்பரம், வரிசை, தள்ளுமுள்ளு! இந்தக் கடையைப் பற்றி என்ன சொல்வீர்கள்? முதலாளி ஏமாற்றுகிறார் என்பீர்கள். வாடிக்கையாளர் ஏமாறுகிறார் என்பீர்கள். இரண்டும் சரி!

இன்றைய மருத்துவச் சந்தைதான் அந்தக் கடை. தூசி படிந்த சரக்கு, போதைக்கு அடிமையானவனை மீட்கும் மருந்து. வாசலில் விற்கும் சரக்கு, முதுமை மறதி நோய்க்கான புதிய மருந்து. முன்னதை நாம் வெட்கத்தால் மறுக்கிறோம். பின்னதை அவர்கள் லாபத்துக்காக விற்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது யார்? நமது பிள்ளைகளும் நமது பெற்றோரும்!

38 பேரில் ஒருவர்!

2019-ல் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய நாடு தழுவிய ஆய்வு வெளியானது. குடிப்பழக்கத்தால் சீரழிந்து உதவி தேவைப்படுவோர் சுமார் 5.7 கோடி பேர். அபின், ஹெராயின், வலி நிவாரணி மாத்திரை வகைகளால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம் பேர். இவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை கிடைத்தது? குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார்.

சர்க்கரை நோயாளிகளில் 38 பேருக்கு ஒருவர்தான் மருந்து சாப்பிடுகிறார் என்றால் நாடே அலறாதா? இங்கே ஏன் மவுனம்?

மருந்து இல்லையா? இருக்கிறது! அபின் வகைப் போதைக்கு மெத்தடோன், பியூப்ரெனார்பின். இந்த இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. குடிக்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட். இவை 2023-ல் அதே பட்டியலில் ஏறின. அளவு மீறி ஹெராயின் ஏற்றிக்கொண்டு மூச்சு நின்றுபோகிறவனை நிமிடங்களில் திருப்பிக் கொண்டுவர நாலோக்சோன் இருக்கிறது. பஞ்சாப் அரசு 2017 முதல் புறநோயாளிகள் மையங்களைத் திறந்து பியூப்ரெனார்பின் கலவை மாத்திரையைக் கொடுத்து வருகிறது. நமது தெருவில் இந்த மருந்துகளின் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்?

'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?'

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஹராமை விடச் சொன்னால் மாற்று ஹராமைக் கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. பதிலைக் கேட்காமல் போவதுதான் தவறு.

ஹெராயின் சில மணி நேரம் ஆளைத் தூக்கும். பிறகு போட்டு அடிக்கும். நடுக்கம், வயிற்றுப்போக்கு, உடல் முறிக்கும் வலி. அந்த வலிக்குப் பயந்தே மறுபடி ஊசி. அதற்காகவே திருட்டு, பொய், கடன். மெத்தடோன் மெதுவாக வேலை செய்து ஒரு நாள் முழுவதும் நிற்கிறது. பியூப்ரெனார்பின் மூளையில் போதை போய் உட்காரும் அதே இடத்தை நிரப்பிக்கொள்கிறது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் ஏற்றாது. சரியான அளவில் மருத்துவர் கொடுத்தால் அவனுக்குப் 'போதை' இல்லை; நிதானம் இருக்கிறது. கடைக்குப் போகிறான். கல்லாவில் உட்காருகிறான். பிள்ளையைப் பள்ளியில் விடுகிறான். இந்தச் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் மரண எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைகிறது என்பது பல நாடுகளில் கண்டறிந்த உண்மை. போதை என்பது அறிவை மறைப்பது. அறிவைத் திருப்பித் தருவதற்கும் அதே பெயரா?

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய அர்ரஹ்மான் பள்ளிவாசலில் 2010-ல் மெத்தடோன் சிகிச்சையே தொடங்கினார்கள். தெருமுனையில் அல்ல, பள்ளிவாசலில்! போதைக்குத் தூக்குத் தண்டனை கொடுக்கும் ஈரானும், 2000-க்குப் பிறகு மெத்தடோனைச் சிறைகளுக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுத்தது. அவர்களுக்கு மார்க்கம் தெரியாதா? தண்டித்துப் பார்த்தும் தீராததை மருந்தால் குறைக்கலாம் என்று அனுபவத்தில் கற்றார்கள். நாம் எப்போது கற்கப் போகிறோம்?

பூட்டிய அறையும் இரும்புச் சங்கிலியும்

குடிப்பது ஹராம் என்று ஊரறியும். அதனாலேயே நமது வீடுகளில் குடிகாரன் இருப்பதை ஊர் அறியாமல் மறைக்கிறோம். பெண் கொடுக்க மாட்டார்கள், ஜமாஅத்தில் தலைகுனிவு என்று அஞ்சி அறையில் பூட்டுகிறோம். 'நாலு நாள் பட்டினி போட்டால் திருந்திவிடுவான்' என்கிறார் பெரியவர். நீண்ட நாள் கடுமையாகக் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம் என்பது அந்தப் பெரியவருக்குத் தெரியுமா? ஹெராயினை நிறுத்திப் பூட்டி வைக்கப்பட்டவன் வெளியே வந்ததும் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால், அதைத் தாங்கும் சக்தியை உடல் இழந்திருக்கும். பூட்டு அவனைத் திருத்தவில்லை. மையவாடிக்கு வழி காட்டியது!

சங்கிலியின் விலை நமக்குத் தெரியாததல்ல. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். நமது மாநிலத்தில், நமது கண்ணெதிரில் நடந்தது!

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருளால் வரும் மனநிலைக் கோளாறையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வழக்கில் சிக்கிய அடிமை தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால், அந்த வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பூட்டுவது நாம்!

துஆ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குஜராத்தின் உனாவா தர்காவிலும் பிறகு ஏர்வாடியிலும் 'தவா - துஆ' என்ற பெயரில் மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்தே நடத்தினார்கள். இரண்டில் ஒன்றைப் பறிப்பவர்தான் குற்றவாளி.

சாப்பாட்டில் கலக்கும் துரோகம்

'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று சுவரொட்டி பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? குடிநிறுத்தத்துக்கு டைசல்ஃபிராம் என்று ஒரு பழைய மருந்து உண்டு. டென்மார்க்கில் 1948-ல் வந்தது. அதைச் சாப்பிட்டவன் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். நோயாளிக்குச் சொல்லி, அவன் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்தால் அது மருந்து. தெரியாமல் கலந்து கொடுத்தால், அவன் குடித்த அன்று இதயமே நிற்கலாம். கணவனைக் காப்பாற்றத் துடிக்கும் ஒரு பெண்ணின் கையாலேயே இந்தக் காரியத்தைச் செய்ய வைப்பவனை வியாபாரி என்று அழைப்பீர்களா?

மருந்துக்கடை வைத்திருக்கும் சகோதரர்களே! உங்களையும் விடுவதாக இல்லை. வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வாலிபனுக்கு அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது? டிரமடால் 2018 முதல் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் இருக்கிறது. எச்1 பட்டியல் மருந்தை விற்றால் மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் காக்க வேண்டும். சீட்டு இல்லாமல் கை மாறும் ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வீட்டின் விளக்கு அணைகிறது. அந்த லாபத்தில் பரக்கத் இருக்குமா?

நஞ்சும் அவர்களதே, முறிவும் அவர்களதே!

இனி பெரிய வியாபாரிகளைப் பாருங்கள். அமெரிக்காவின் பர்டியூ நிறுவனம் 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்கு விட்டது. அடிமைப்படுத்தும் ஆபத்து குறைவு என்று சொல்லி விற்றது. 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. 2020-ல் மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. வலி மாத்திரையில் தொடங்கிய அந்த அலை ஹெராயினாகி, பென்டனில் ஆகி, 2021, 2022, 2023 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் அங்கே போதை மிகுந்து இறந்தோர் ஒரு லட்சத்துக்கு மேல்.

அந்த நிறுவனத்தின் சாக்லர் குடும்பத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் சாக்லர், 2018-ல் எதற்குக் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் தெரியுமா? போதை அடிமைகளுக்கான பியூப்ரெனார்பின் மருந்தின் ஒரு வடிவத்துக்கு! பியூப்ரெனார்பினை விற்ற இன்னொரு தரப்பும் சளைத்ததல்ல. குழந்தைகள் உள்ள வீட்டில் தனது சரக்கு எவ்வளவு பாதுகாப்பானது என்று பொய் சொன்னதாக இண்டிவியர் நிறுவனத்தின் கிளை 2020-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதன் பழைய தாய் நிறுவனமான ரெக்கிட் பென்கைசர் 2019-ல் 140 கோடி டாலர் வரை கொடுத்து விவகாரத்தை முடித்தது.

மருந்து நல்லது, விற்பவன் கெட்டவன். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கெட்டவன் விற்கிறான் என்று நல்ல மருந்தை வீசினால் சாவது நமது பிள்ளை!

மறதிக்கு விலை 56,000 டாலர்

இப்போது மறுபக்கம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது. பெற்ற மகனையே 'யார் தம்பி நீ?' என்று கேட்கும் தந்தையைப் பார்த்து மனம் உடையாதவர் யார்? அந்த உடைந்த மனம்தான் இவர்களது சந்தை!

பயோஜென் நிறுவனத்தின் அடுகானுமாப் என்ற மருந்து அமெரிக்க அரசின் நிபுணர் குழு முன் 2020 நவம்பரில் வந்தது. சான்று போதுமா என்ற முக்கியக் கேள்விக்கு 'போதும்' என்று ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. 10 பேர் இல்லை என்றார்கள். ஒருவர் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனாலும் 2021 ஜூனில் அனுமதி கொடுத்தார்கள்! நிபுணர்கள் 3 பேர் பதவி விலகினார்கள். விலை ஆண்டுக்கு 56,000 டாலர். ஐரோப்பா ஏற்கவில்லை. 2024 ஜனவரியில் நிறுவனமே கடையைக் கட்டுவதாக அறிவித்தது.

அடுத்து வந்த லெகனமாப் 2023-ல் முழு அனுமதி பெற்றது. அது நோயைச் சற்றே மெதுவாக்கியது உண்மை. எவ்வளவு? 18 மாதத்துக்குப் பிறகு, 18 புள்ளி அளவுகோலில் வித்தியாசம் 0.45. மருந்து பெற்றவர்களில் 100-க்கு 12 பேருக்கு மேல் ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. அமெரிக்காவில் அறிவித்த விலை ஆண்டுக்கு 26,500 டாலர். பழைய டோனெபெசில் வகை மாத்திரைகள் மலிவு. சிலருக்குச் சிறிது காலம் சிறிது பலன் தரலாம். ஆனால் நோயை நிறுத்தாது. பிரான்ஸ் அரசு 2018 ஆகஸ்ட் முதல் அந்த நான்கு மருந்துகளுக்கும் காப்பீட்டுப் பணம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது.

இன்னொரு கொடுமை, கத்துகிறார், தூங்கவில்லை என்று முதியவருக்கு மனச்சிதைவு நோய் மாத்திரையைக் கொடுத்து மடக்கிப் போடுவது. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு அது மரண ஆபத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க அரசு 2005-லேயே எச்சரித்தது. பிரிட்டனில் 2009-ல் வந்த அரசு அறிக்கை, அங்கே ஆண்டுக்குச் சுமார் 1,800 கூடுதல் மரணங்களுக்கு அது காரணம் என்று கணக்கிட்டது. கண்ணுக்குத் தெரியாத சங்கிலி அது!

என்ன செய்யப் போகிறீர்கள்?

இளைஞர்களே! நண்பன் விழுந்து கிடந்தால் படம் எடுத்துப் பரப்பாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14446 என்ற எண்ணில் போதை மீட்பு ஆலோசனை, 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை, இரண்டும் அரசு கொடுப்பவை. நால்ட்ரெக்சோனோ மெத்தடோனோ மருத்துவர் இல்லாமல் தொடக்கூடிய பொருளல்ல. ஆள் அறியாமல் கொடுத்தால் நன்மையே தீமையாகும்.

வணிகப் பெருமக்களே! கடையில் வேலை செய்யும் பையன் குடித்தான் என்று கணக்கை முடித்து அனுப்புவது எளிது. சிகிச்சை முடிந்து வருகிறவனுக்கு வேலை உண்டு என்று சொல்லுங்கள். அது மாத்திரையோடு சேர்ந்து வேலை செய்யும் மருந்து.

பெற்றோருக்கு மறதி என்றால், நகையை அடகு வைத்து ஊசி தேடும் முன் தைராய்டு, பி12 குறைவு, அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றால் வரும் மறதி திரும்பக்கூடியது. 2024-ல் லான்செட் ஆணையம் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, புகை, மிகையான குடி எல்லாம் அதில் இருக்கின்றன. இவற்றை வாழ்நாள் முழுவதும் கவனித்தால் மறதி நோயில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. குடித்துக் குடித்து உடலில் தயாமின் என்ற பி1 சத்து வற்றிப்போனவனுக்கு வாலிபத்திலேயே நினைவு அழிகிறது. காலத்தில் போடும் மலிவான ஊசி அதைத் தடுக்கும். போதையும் மறதியும் கைகுலுக்கும் இடம் அது. அங்கேகூட அந்த மலிவு ஊசியை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. லாபம் இல்லையே!

ஜமாஅத் நிர்வாகிகளே! மஹல்லாவில் ஒரு மருத்துவ முகாம் நடத்தும்போது கண், பல், சர்க்கரையோடு இந்த இரண்டு நோய்களையும் சேருங்கள். ஒரு மனநல மருத்துவரை அழையுங்கள். 'எங்கள் ஊரில் அந்தப் பிரச்சினை இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 38 பேரில் அந்த 37 பேர் எங்கே இருக்கிறார்கள்? பூட்டிய அறைகளில் தேடுங்கள்!