சீருடை நமக்குப் புதிதல்ல, சொல்லித்தான் வைக்கவில்லை

2024 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை காலை. பேராக், லுமுட் கடற்படைத் தளத்தில் அரச மலேசிய கடற்படையின் 90ஆம் ஆண்டு விழாவுக்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வானில் அணிவகுத்துப் பறந்த இரண்டு ஹெலிகாப்டர்கள் ஒன்றோடொன்று மோதித் தளத்துக்குள்ளேயே விழுந்தன. அவற்றில் இருந்த பத்துப் பேரும் உயிரிழந்தனர். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் லெப்டினன்ட் கமாண்டர் டி. சிவசுதன்.

அந்த வாரம் நம் மக்களிடம் துக்கத்தோடு ஒரு வியப்பும் இருந்தது. கடற்படை ஹெலிகாப்டரில் பறக்கும் அதிகாரியாக நம்மவர் ஒருவர் இருந்தாரா என்று பலரும் கேட்டார்கள். லுமுட் தளம் ஈப்போவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்த தூரத்தில் இருக்கிறது. சித்தியவான், ஆயர் தாவார் தோட்டத்து மக்களுக்கு அது பக்கத்து ஊர். இருந்தும் அந்த வேலிக்குள் நம் பிள்ளை இருப்பான் என்று நமக்குத் தோன்றவில்லை. அந்த வியப்பு எங்கிருந்து வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

மலேசிய மக்கள் தொகையில் இந்தியர்கள் நூற்றுக்கு ஆறு, ஏழு பேர். ஆயுதப்படையிலோ நூற்றுக்கு ஒருவர் என்ற அளவை ஒட்டியே நிற்கிறோம். நாடாளுமன்றத்தில் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒரு பக்கம், "இந்திய இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை" என்கிறது. மறுபக்கம், "போனாலும் எடுக்கமாட்டார்கள், எடுத்தாலும் பதவி உயர்வு கிடைக்காது" என்கிறது. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இராணுவப் பணி எந்த நாட்டிலும் பெரும்பாலும் வீட்டு வழியாக வருவது என்பதை இரண்டு பதில்களும் விட்டுவிடுகின்றன. தாத்தா இருந்தார், அப்பா இருந்தார், அதனால் மகன் போனான் என்பதுதான் பல குடும்பங்களின் கதை. நம்மிடம் அந்தத் தொடர் ஏன் அறுந்தது?

யாருக்குச் சீருடை, யாருக்குப் பால்மரம்

பதிலை இதே பேராக்கில் தேடலாம். 1880களில் இங்கே சீக்கியர்களைக் கொண்டு ஒரு படை அமைக்கப்பட்டது. 1896-இல் அது மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் என்ற பெரிய படையானது. தைப்பிங்தான் அதன் தலைமையிடம். பெரும்பாலும் சீக்கியர்களும் பட்டாணியரும் அதில் இருந்தார்கள். 1919-இல் அந்தப் படை கலைக்கப்பட்டது. ஆனால் பழக்கம் கலையவில்லை. பேராக்கின் பல சீக்கியக் குடும்பங்களில் காவல் துறையும் இராணுவமும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன.

அதே காலத்தில் நம் முன்னோர் கங்காணிகள் வழியாகத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். சில இனங்களே போருக்குப் பிறந்தவை என்று ஆங்கிலேயர் ஒரு கொள்கை வைத்திருந்தார்கள். பஞ்சாபியர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள், தமிழர் இல்லை. இந்தியாவில் மெட்ராஸ் காலாட்படையைக்கூட இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் கலைத்துவிட்டு, இரண்டாம் உலகப் போர் நெருக்கியபோது மீண்டும் எழுப்பினார்கள். மலாயாவில் 1933-இல் போர்ட்டிக்சனில் தொடங்கப்பட்ட மலாய் ரெஜிமென்ட் பெயருக்கேற்ப மலாய்க்காரர்களுக்கு மட்டுமானது. பால் வெட்டும் கத்தி பிடித்தவன் கையில் துப்பாக்கி கொடுக்கும் எண்ணம் அந்த ஆட்சிக்கு இருக்கவில்லை.

இது இரத்தத்தில் உள்ள குணம் அல்ல என்பதற்கு நம் பூர்வீக மண்ணிலேயே சாட்சி உண்டு. வேலூர் அருகே கம்மவான்பேட்டை என்ற ஊரை மக்கள் 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பது அங்கே வழக்கம். நம் தாத்தாக்கள் பலர் கப்பலேறிய பழைய வட ஆற்காட்டுப் பகுதிதான் அது. அங்கிருந்து படைக்குப் போனவர் குடும்பத்தில் படை தொடர்ந்தது. தோட்டத்துக்கு வந்தவர் குடும்பத்தில் தோட்டம் தொடர்ந்தது.

சீருடை போட்ட தலைமுறை

இருந்தும் ஒரு தலைமுறை சீருடை போட்டது. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு, இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாவிலிருந்து சேர்ந்த பொதுமக்களில் பெரும் பகுதியினர் தோட்டத் தமிழர்கள். ஜான்சி ராணிப் படையில் ஜானகி தேவர் துணைத் தளபதி நிலைவரை உயர்ந்தார். பின்னாளில் ஆசிரியராகவும் சமூகப் போராளியாகவும் நாம் அறிந்த ராசம்மா பூபாலன், பதின்ம வயதில் தம் சகோதரியோடு அந்தப் படையில் சேர்ந்தவர்.

விமானமும் அந்தக் கதையில் உண்டு. போஸ் 1944-இல் நாற்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து ஜப்பானிய இராணுவக் கழகங்களுக்கு அனுப்பினார். 'தோக்கியோ கேடட்ஸ்' என்று வரலாறு அவர்களை அழைக்கிறது. மலாயாவில் வளர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினர் விமானமோட்டும் பயிற்சிக்கே போனார்கள். அரச மலேசிய ஆகாயப்படை பிறந்தது 1958-இல். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே மலாயா இந்திய இளைஞர்களுக்கு வானம் ஒரு முறை திறந்திருந்தது.

அறுந்த இடங்கள்

அப்படியானால் அந்தத் தலைமுறை ஏன் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை? மூன்று காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, பயம். 1945-இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தபோது, அவர்களை எதிர்த்து அணிந்த சீருடை பெட்டிக்குள் போனது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் நடந்த கொலைகளோடு அவசரகாலம் தொடங்கியது. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்து, பிறகு தொழிற்சங்கத் தலைவரான எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இதையெல்லாம் பார்த்த ஒரு தோட்டத் தொழிலாளி, தான் துப்பாக்கி பிடித்த கதையைப் பேரனிடம் பெருமையாகச் சொல்லியிருப்பாரா? பல வீடுகளில் படம் சுவரில் ஏறவில்லை. படம் இல்லாத வீட்டில் கதையும் தங்குவதில்லை.

இரண்டாவது, குடியுரிமை. சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டின் படை எல்லா இனத்தவருக்கும் திறந்தது. ஆனால் படையில் சேரக் குடியுரிமை வேண்டும். தோட்டங்களில் ஏராளமானோர் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின், குடியுரிமை இல்லாதவர்கள் கூலி வேலைக்கே பெர்மிட் எடுக்க வேண்டியிருந்தது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்கே கப்பலேறினார்கள். இங்கே தங்க முடியுமா என்று கலங்கியவரிடம் நாட்டைக் காக்க வா என்று யார் கேட்பது?

மூன்றாவது, பள்ளி. 1967 டிசம்பரில் கே. தனபாலசிங்கம் கடற்படைத் தளபதியானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் மலேசியர் அவர். அப்போது அவருக்கு வயது 31. நாம் பெருமைப்பட வேண்டிய பெயர். ஆனால் அவர் கோலாலம்பூரில் ஆங்கிலக் கல்வி பெற்று, இங்கிலாந்தின் டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரிக்குப் போனவர், யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்தவர். தோட்டத்துப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு நின்ற காலம் அது. அதிகாரிகள் நுழையும் வாசல் நகரத்துக்குத் திறந்திருந்தது, தோட்டத்துக்கு இல்லை.

இத்தனைக்கும் இடையில் ரேஞ்சர் படையிலும் சிக்னல், பொறியியல் பிரிவுகளிலும் சாதாரணச் சிப்பாய்களாக நம்மவர் சேர்ந்தே இருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில், காட்டுப் போரில் உயிர்நீத்த கேப்டன் மோகன சந்திரன் வேலாயுதனுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசா வழங்கப்பட்டது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

இன்று என்ன செய்யலாம்

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பேரன்கள் ஈப்போவின் புறநகர்களில் இருக்கிறார்கள். குடியுரிமையும் எஸ்.பி.எம். சான்றிதழும் உண்டு. இல்லாதது வீட்டில் வழி தெரிந்த ஒரு பெரியவர். எப்போது ஆள் எடுக்கிறார்கள், எந்தப் பாடம் வேண்டும், உடல் தகுதிக்கு எத்தனை மாதம் முன்பே ஓடத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் இராணுவக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கும். நம் பிள்ளைக்கு விண்ணப்பத் தேதி முடிந்த பிறகு கிடைக்கும்.

விமானத் துறையில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. தனியார் கழகத்தில் விமானி உரிமம் பெற லட்சக்கணக்கான ரிங்கிட் வேண்டும். வீட்டை அடகு வைத்துப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. ஆகாயப்படையும் கடற்படையும் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அரசாங்கச் செலவிலேயே பறக்கக் கற்றுத் தருகின்றன. வசதி இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு வானத்துக்கு இருக்கும் மலிவான வழி அதுதான். ஆனால் அந்த வழி படிவம் ஐந்து முடிந்த பிறகு தொடங்குவதில்லை. படிவம் நான்கில் இயற்பியலும் கூடுதல் கணிதமும் எடுக்கும் நாளிலேயே தொடங்குகிறது. சுங்கை பெசியில் உள்ள அரச இராணுவக் கல்லூரியும் படிவம் நான்கில்தான் மாணவர்களைச் சேர்க்கிறது. பல்கலைக்கழகம் போகிறவர்களுக்குத் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மற்றப் பல்கலைக்கழகங்களிலும் பாலாப்பஸ் என்னும் ரிசர்வ் அதிகாரிப் பயிற்சி இருக்கிறது. வேலை செய்துகொண்டே சேர அஸ்கார் வத்தானியா இருக்கிறது.

பெற்றோரின் தயக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது. உணவு, வழிபாடு, தனித்து நிற்கும் நிலை, பதவி உயர்வில் சந்தேகம் ஆகியவை அவர்கள் கேட்பவை. இவற்றுக்குத் தற்காப்பு அமைச்சுதான் பதில் சொல்ல வேண்டும். அமைச்சு எளிதாகச் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. மொத்தச் சதவீதத்தை மட்டும் சொல்லாமல், எத்தனை இந்தியர்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் உடல் தகுதியில் நின்றார்கள், எத்தனை பேர் நேர்காணலில் நின்றார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், எத்தனை பேர் மேஜர் நிலையைத் தாண்டினார்கள் என்று படிப்படியாக ஆண்டுதோறும் வெளியிடட்டும். அந்தக் கணக்கு வெளியே வந்தால் ஆர்வம் இல்லையா, வாய்ப்பு இல்லையா என்ற சண்டை பாதி முடிந்துவிடும். 2025-இல் தொடங்கிய 45 நாள் தேசிய சேவைப் பயிற்சியில் கலந்துகொண்ட இந்திய இளைஞர்களில் எத்தனை பேர் பிறகு படைக்கு விண்ணப்பித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.

நம் பக்கத்து வேலை அதைவிடச் சிறியது, செலவும் இல்லாதது. ஈப்போவிலும் தைப்பிங்கிலும் லுமுட்டிலும் ஓய்வுபெற்ற நம் படைவீரர்கள் இருக்கிறார்கள். ஜூலை 31 வீரர் தினத்தில் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஒருவரை அழைக்கலாம். கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் ஆள்சேர்ப்புத் தேதிகளைத் திருவிழா அறிவிப்பைப் போல ஒட்டலாம். வீட்டில் தாத்தாவின் பழைய படமோ, பதக்கமோ, சேவைச் சான்றோ இருந்தால் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டம் போட்டு மாட்டலாம்.

எல்லாப் பிள்ளைகளும் படைக்குப் போக வேண்டும் என்று இங்கே வாதிடவில்லை. அந்தப் பணிக்கு என்ன விலை கொடுக்க நேரிடும் என்பதை லுமுட் காட்டிவிட்டது. அந்த விலை தெரிந்தே போக விரும்பும் பிள்ளையிடம், இது நம் வழக்கம் இல்லை என்று சொல்லித் தடுக்காமல் இருந்தால் போதும். ஏனென்றால் அது உண்மை இல்லை. சிவசுதன் அந்தச் சீருடையை அணிந்த முதல் தமிழர் அல்லர். அவருக்கு முன்னே எண்பது ஆண்டுக் கதை இருந்தது. அதைச் சொல்லி வைக்காமல் விட்டது நாம்தான்.