மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெட்டி

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் நேர்ந்த கோளாற்றினால் தீவு முழுவதும் மின்சாரத்தை இழந்தது. இவற்றை அனுபவித்த இல்லங்களில், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பற்றரிப் பெட்டியொன்றை வாங்கலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பே. வாங்குமுன் அறிய வேண்டியவை சிலவற்றை இவ்வாரம் நோக்குவோம்.

பெட்டியின் மீது இரண்டு எண்கள் காணப்படும். ஒன்று வாற்று, மற்றையது வாற்று-மணி. தண்ணீர்த் தாங்கியை நினைத்துக் கொள்ளுங்கள். தாங்கியின் கொள்ளளவு போன்றது வாற்று-மணி. குழாயின் பருமன் போன்றது வாற்று. இரண்டும் வேறு என்பதை மறந்தோர் ஏமாறுவர்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 50 வாற்று மின்விசிறி ஒன்று, 9 வாற்று மின்குமிழ்கள் மூன்று, இணையக் கருவிக்கு 10 வாற்று: மொத்தம் 87 வாற்று. 500 வாற்று-மணிப் பெட்டியில் ஏறக்குறைய 15 வீதம் மாற்றத்தின்போது வீணாகும். எஞ்சும் 425ஐ 87ஆல் வகுத்தால், ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இது போதும். ஆனால், 350 வாற்று எடுக்கும் ஒட்சிசன் கருவியை நம்பி வாழும் முதியவர் ஒருவர் வீட்டிலிருப்பின், அதே பெட்டி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலேயே தாங்கும். அத்தகைய இல்லத்தார் பெரிய பெட்டியை நாடுவதோடு, ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றையும் ஆயத்தமாக வைத்திருத்தல் இன்றியமையாதது. குளிர்சாதனப் பெட்டியோ தொடங்கும் கணத்தில் வழமையிலும் பன்மடங்கு மின்சாரம் இழுக்கும். ஆகவே உச்ச வாற்றையும் கேட்டறிக.

மலைநாட்டில் கூடாரமடித்துத் தங்கும் மாணவர்க்குத் தேவை வேறு. கைப்பேசிக்கும் விளக்குக்கும் 300 வாற்று-மணி தாராளம். 1000 வாற்று-மணிப் பெட்டி பத்துக் கிலோவுக்கு மேலும் நிறுக்கும். அதைத் தோளிற் சுமப்பவர் யார்?

பற்றரியின் வகையும் முக்கியம். இலிதியம் இரும்பு பொசுபேற்று வகை சற்றுப் பாரமானது. எனினும் ஈராயிரம் தடவைக்கு மேல் மின்னேற்றத் தாங்கும், வெப்பத்தையும் நன்கு பொறுக்கும். வீட்டுக்கு இதுவே உகந்தது.

கனடாவிலுள்ள உறவினர் கொண்டுவருவார் என்று காத்திருத்தல் வேண்டாம். அங்குள்ளவை 120 வோல்ற்றுக்கு உரியவை. நமக்கு வேண்டியது 230 வோல்ற்று. மேலும், 160 வாற்று-மணியை மிஞ்சிய இலிதியம் பற்றரிகளைப் பிரயாணிகள் விமானத்திற் கொண்டுசெல்ல முடியாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பெட்டியின் மின்சாரத்தைச் சுவரிலுள்ள செருகியின் வழியே வீட்டுக்குள் ஒருபோதும் செலுத்தாதீர்கள். அது வீதிக் கம்பியிற் பாய்ந்து, இருளில் நமக்காக உழைக்கும் ஊழியரின் உயிரைக் குடிக்கக்கூடும். கருவிகளை நேரே பெட்டியிற் பொருத்துவதே முறை.

கடைக்குச் செல்லுமுன் தாளொன்றில் உங்கள் வீட்டுக் கணக்கை எழுதிப் பாருங்கள். விற்பவர் சொல்லும் எண்ணைவிட அந்த எண்ணே உங்களுக்கு உதவும்.