காசு கொடுத்தால் அச்சாகும் 'ஆராய்ச்சி'!

ஆராய்ச்சிப் பத்திரிகை என்று ஒன்று உண்டு. கதை, சினிமா எல்லாம் அதில் வராது. விஞ்ஞானிகளும் பேராசிரியர்களும் தாங்கள் கண்டறிந்ததை எழுதும் இடம் அது.

எழுதியது எல்லாம் உடனே அச்சாகிவிடாது. அதே துறையில் ஊறிய இரண்டு, மூன்று பேர் முதலில் படித்துப் பார்ப்பார்கள். சோதனை ஒழுங்காக நடந்ததா, கணக்குச் சரியா என்று ஆராய்வார்கள். தவறு இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். தங்கத்துக்கு உரைகல் இருப்பது போல, ஆராய்ச்சிக்கு இந்தப் பரிசோதனை.

உரைத்துப் பார்க்காமலே, 'நல்ல தங்கம்' என்று முத்திரை குத்தினால்? காசு வாங்கிக்கொண்டு அதைத்தான் செய்கின்றன சில பத்திரிகைகள்!

பொய் மருந்து

2013-ம் ஆண்டு ஜான் பொஹானன் என்ற நிருபர் இதைச் சோதித்துப் பார்த்தார். கல்பாசி இனத்தில் எடுத்த ஒரு பொருள் புற்றுநோயைத் தடுக்கும் என்று கட்டுரை தயாரித்தார். அத்தனையும் பொய்! எழுதியவர் பெயர் பொய். அவர் வேலை பார்ப்பதாகச் சொன்ன இடமும் பொய். வேண்டுமென்றே பெரிய தவறுகளையும் அதில் புகுத்தினார்.

கட்டுரை 304 பத்திரிகைகளுக்குப் போயிற்று. 157 பத்திரிகைகள் அதை ஏற்றுக்கொண்டன! வேண்டாம் என்றவை 98தான். இந்த விவரத்தை 'சயின்ஸ்' பத்திரிகை வெளியிட்டது.

கோர்ட்டு உத்தரவு

ஐதராபாத்தைச் சேர்ந்த 'ஓமிக்ஸ்' கம்பெனி நூற்றுக்கணக்கான பத்திரிகைகளை நடத்தியது. அதன் மீது அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் 2016-ல் வழக்குத் தொடர்ந்தது. நிபுணர்கள் பரிசோதிப்பதாகப் பொய் சொன்னது, கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லாமல் மறைத்தது, ஒப்புக்கொள்ளாத அறிஞர்களை ஆசிரியர் குழுவில் இருப்பதாகக் காட்டியது ஆகியவை குற்றச்சாட்டுகள். 5 கோடி டாலருக்கு மேல் கட்டும்படி 2019-ல் கோர்ட்டு உத்தரவிட்டது.

கட்டணம் வாங்குவதே குற்றமா? இல்லை. வாசகர்கள் இலவசமாகப் படிப்பதற்காக, எழுதுகிறவரிடம் கட்டணம் வாங்கும் நேர்மையான பத்திரிகைகள் உண்டு. பரிசோதிக்காமல் 'பரிசோதித்தோம்' என்பதுதான் குற்றம்.

எண்ணிக்கை மோகம்

விற்கிறவர் மட்டுமா குற்றவாளி? வாங்குகிறவரும் இருக்கிறாரே! அவரை அந்தக் கடைக்கு அனுப்பியது எது?

'எத்தனை கட்டுரை வெளிவந்தது?' என்று எண்ணிப் பார்த்து வேலையும் பதவி உயர்வும் கொடுக்கும் வழக்கம்தான். இந்தியாவில் 'டாக்டர்' பட்டம் பெற விரும்பும் மாணவர் ஒரு கட்டுரையாவது வெளியிட வேண்டும் என்று விதி இருந்தது. அவசரப்பட்ட மாணவர்கள் பலர் இந்த வலையில் விழுந்தார்கள். 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை நீக்கியது. 2022-ல் அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டது. நல்ல காரியம்! ஆனால் எண்ணிப் பார்க்கும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை.

நஷ்டம் யாருக்கு?

நம் வீட்டில் ஒருவருக்கு நோய் வருகிறது. 'இந்த மருந்து குணமாக்கும் என்று ஆராய்ச்சியில் தெரிந்திருக்கிறது' என்கிறார்கள். நாம் நம்புகிறோம். அந்த ஆராய்ச்சியை யாருமே படித்துப் பார்க்கவில்லை என்றால் நம் கதி என்ன?

ஐந்து வருடம் கண்விழித்து ஒரே ஒரு நல்ல கட்டுரை எழுதும் மாணவரின் கதி என்ன? காசு கொடுத்துப் பத்துக் கட்டுரை போட்டவர் அவரை முந்திக்கொண்டு போய்விடுகிறாரே!

கல்லூரிகள் கட்டுரைகளை எண்ணுவதை நிறுத்தட்டும். எடுத்துப் படிக்கட்டும். படிக்கிறவர்கள் இருந்தால், போலிச் சரக்கு விலைபோகாது!