சம்பள ரகசியம்

கம்பெனிகளில் வேலைக்கு அமர்ந்திருக்கும் நமது வாலிபர்களிடத்தில் ஒரு விநோதமான வழக்கம் இருந்து வருகின்றது. அதென்னவென்றால், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்யும் இருவர், தங்கள் வீட்டுச் சண்டை முதல் வயிற்று வலி வரையில் ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் சொல்லிக் கொள்ளுவார்கள். ஆனால் "உமக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் மாத்திரம் மற்றவர் வாயை மூடிக்கொள்ளுவார். காரணம் என்னவென்று விசாரித்தால், சம்பளத்தைப் பிறருக்குச் சொல்லக்கூடாது என்று வேலை உத்தரவிலேயே எழுதிக் கையெழுத்தும் வாங்கிக் கொள்ளுகின்ற கம்பெனிகள் பல இருப்பதாகத் தெரிய வருகின்றது. எழுதி வாங்காத இடங்களிலும் அது மரியாதையற்ற கேள்வி என்றே கருதப்படுகின்றது.

இந்த ரகசியத்தால் லாபமடைகின்றவர் யார்? பக்கத்திலிருப்பவனுக்கு அதிகம் கொடுக்கப்படுகின்றதென்பதை அறியாத வேலைக்காரனா, அல்லது அறியாமலே அவனை வைத்திருக்கும் நிர்வாகமா? இதற்குப் பதில் சொல்லப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வேதத்தைச் சூத்திரன் காதால் கேட்டுவிட்டால் அக்காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டுமென்று கௌதம தர்ம சூத்திரம் சொல்லுகின்றது. வேதத்தில் உள்ளது உண்மையாகவே அவ்வளவு உயர்ந்ததாயிருந்தால் எல்லோரும் கேட்டு விட்டுப் போகட்டுமே என்று விட்டிருப்பார்கள். மறைத்து வைக்க வேண்டிய அவசியம், மறைத்து வைப்பதிலேயே பிழைப்பு நடத்துகிறவனுக்குத்தான் உண்டாகும். கம்பெனிக்காரர் ஈயம் காய்ச்சுவதில்லை என்பது உண்மைதான். வேலையைப் பிடுங்கிக் கொள்ளுவதாகச் சொன்னாலே போதுமானதாக இருக்கின்றது.

இது நமது நாட்டுச் சங்கதி மாத்திரமல்ல. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் காட்ஸ்டன் என்னும் ஊரில் குட்இயர் டயர் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதில் லில்லி லெட்பெட்டர் என்னும் அம்மையார் 1979ம் வருஷம் மேற்பார்வை வேலையில் சேர்ந்தார். சேர்ந்த காலத்தில் அவருக்கும் அதே வேலை பார்த்த ஆண்களுக்கும் சம்பளத்தில் ஏறக்குறைய வித்தியாசமில்லை. பிறகு வருஷந்தோறும் "திறமைக்குத் தக்க உயர்வு" என்பதாகக் கொஞ்சங் கொஞ்சமாக வித்தியாசம் உண்டாக்கப்பட்டது. சம்பளத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அங்கேயும் விதி. ஆகவே அந்த அம்மையாருக்குப் பத்தொன்பது வருஷ காலம் வரையில் தன் நிலைமை சரிவரத் தெரியாமலே போய்விட்டது. கடைசியில் யாரோ ஒருவர் பெயர் போடாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவருக்குக் கிடைக்கும்படி வைத்த பிறகே சங்கதி வெளியாயிற்று. அப்போது அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியிலிருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286 டாலர். மிக அதிகமாக வாங்கியவருக்கு 5,236 டாலர். அந்தப் பதவியில் அப்போது மிஞ்சியிருந்த பெண் அவர் ஒருவரே!

அம்மையார் வழக்குப் போட்டார். ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் 2007ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டார், ஐந்து நீதிபதிகளுக்கு நான்கு நீதிபதிகளாகப் பிரிந்து, வழக்கைத் தள்ளி விட்டார்கள். என்ன நியாயம் சொன்னார்களென்றால், சம்பளத்தைக் குறைத்து நிர்ணயித்த 180 நாட்களுக்குள் அவர் புகார் செய்திருக்க வேண்டுமாம்! நிர்ணயித்ததே தெரியாதவர் எப்படிப் புகார் செய்வார் என்று மாறுபட்ட நான்கு பேரின் சார்பில் கின்ஸ்பர்க் என்னும் பெண் நீதிபதி கண்டித்து எழுதி, அதைக் கோர்ட்டிலேயே வாசித்தார். திருடனே திருட்டை மறைத்து வைக்க, பறிகொடுத்தவனைப் பார்த்து "நாள் கடந்து விட்டது போ" என்று சொல்லுவதற்குப் பெயர் சட்டமானால், மனுதர்மத்தை மாத்திரம் நாம் ஏன் குறை சொல்ல வேண்டும்? பொது ஜனங்கள் போட்ட கூச்சலின் பயனாக 2009ம் வருஷம் ஜனவரியில் அந்த அம்மையார் பெயராலேயே ஒரு சட்டம் செய்யப்பட்டு, குறைந்த சம்பளம் கொடுக்கப்படும் ஒவ்வொரு தடவையும் புகாருக்கு நாள் புதிதாகத் தொடங்கும் என்று ஏற்பட்டது. ஆனால் அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. சம்பளத்தைக் கொண்டு கணக்கிடப்படும் பென்ஷனும் குறைந்தது குறைந்ததுதான். அவர் 2024ல் இறந்தார்.

நிற்க, இவ்விஷயத்தில் நிர்வாகத்தார் சொல்லும் சமாதானம் என்னவெனில், சம்பளம் வெளியானால் பொறாமை உண்டாகி வேலை கெடும் என்பதாகும். கலெக்டர் முதல் பியூன் வரையில் சர்க்கார் சம்பளம் இன்னதென்பது அச்சிட்ட காகிதத்திலிருக்கின்றது. பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் பக்கத்து உபாத்தியாயரின் சம்பளம் தெரியும். அதனால் எந்தக் கச்சேரி இடிந்து விழுந்தது? அன்றியும் 2013ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, பங்கு மார்க்கெட்டில் சேர்ந்த கம்பெனிகள், தங்கள் டைரக்டர்களின் ஊதியம் நடுத்தரச் சம்பளக்காரனின் ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை வருஷந்தோறும் வெளியிட்டாக வேண்டும். அந்தப்படி வெளியானதில்தான் இன்போஸிஸ் கம்பெனித் தலைமை அதிகாரிக்கு 2024–25ம் வருஷத்தில் ரூ. 80 கோடிக்கு மேல் போய்ச் சேர்ந்தது என்று ஊருக்குத் தெரிந்தது. அதில் பெரும்பாகம் பங்குகளாக வந்ததே என்பதையும் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு அவ்விதக் கம்பெனிகளில் பத்துப் பன்னிரண்டு வருஷங்களாக வருஷத்திற்குச் சுமார் ரூ. 3½ லட்சமே ஆதாரச் சம்பளமாக இருந்து வந்திருக்கின்றது. அரிசியும் வீட்டு வாடகையும் அந்தப்படியே நின்றிருந்தனவா? எண்பது கோடி வெளியானதனால் கெடாத ஒழுங்கு, மூன்றரை லட்சம் வெளியானால் கெட்டு விடுமாம்!

"திறமை" என்ற மந்திரத்தை இனிக் கவனிப்போம். திறமைக்கு மதிப்புக் கொடுக்கக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. திறமையை அளந்தவன் யார், அளந்த கோல் எங்கே என்றுதான் கேட்கின்றோம். 2012ம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்நாட்டின் பெரிய 1000 கம்பெனிகளின் டைரக்டர்கள் சுமார் 9000 பேரை ஜாதிவாரியாகக் கணக்கெடுத்துப் பார்த்ததில், 100க்கு 92 பேருக்கு மேல் மேல்ஜாதியாராகவும், அவர்களிலும் பார்ப்பனர் 44, வைசியர் 46 என்ற வீதத்திலும் இருந்தார்கள். பிற்படுத்தப்பட்டவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும் பழங்குடியினரும் எல்லோருமாகச் சேர்ந்து 100க்கு 8 பேர் கூட இல்லை. இதற்கு முன் 2007ல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், ஒரே படிப்பும் அனுபவமும் காட்டி, பெயரை மாத்திரம் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பியதில், தாழ்த்தப்பட்டவர் பெயரும் முஸ்லிம் பெயரும் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் வந்தது மேல்ஜாதிப் பெயருக்கு வந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, பெயரைப் பார்த்தே திறமையைக் கண்டுகொள்ளும் ஞானதிருஷ்டி இந்தக் கனவான்களுக்கு எங்கிருந்து வந்தது? வருஷ முடிவில் "உனக்கு மூன்றாவது தரம்" என்று சொல்லப்பட்ட பையனும், முன்ஜென்மத்தில் செய்தது என்னவென்று தெரியாமல் இந்த ஜென்மத்தில் அனுபவிக்கிறவனைப் போலவே, "நமது தலையெழுத்து" என்று வீட்டுக்குப் போய் விடுகின்றான். சிலர் கோவிலுக்கும் போகின்றார்கள். தேங்காய் வியாபாரிக்கு அதில் லாபமுண்டு.

மற்றொரு தந்திரம் பட்டம் கொடுப்பது. வெள்ளைக்காரன் காலத்தில் ராவ் பகதூர் பட்டம் கொடுத்து ஆட்களை அடக்கி வைத்தது போல, இப்போது சம்பளம் உயர்த்தாமலே "மேனேஜர்" பட்டம் கொடுக்கப்படுகின்றது. பையன் வீட்டில் இனிப்புப் பங்கிடுகின்றான். ஆனால் 1947ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்திலும் சரி, 2020ம் வருஷத்துச் சட்டத்திலும் சரி, நிர்வாக வேலை பார்க்கிறவன் தொழிலாளி என்னும் கணக்கில் சேரமாட்டான் என்றிருக்கின்றது. நாளைக்கு அவனைத் தள்ளினால், "நீ மேனேஜர் அல்லவா, உனக்கேது சட்டம்?" என்று கேட்கவே அந்தப் பட்டம் பயன்படும். பட்டம் எதுவானாலும் அவன் செய்த வேலை என்ன என்பதையே பார்க்க வேண்டுமென்று கோர்ட்டுகள் பல தடவை சொல்லியிருக்கின்றன. இது நம் வாலிபர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? கூப்பிட்டு ராஜிநாமா எழுதிக் கொடு என்றால் எழுதிக் கொடுத்து விட்டு வருகின்றார்களே!

கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களும் சங்கம் வைத்துக்கொள்ளலாம், தொழில் சட்டங்களிலிருந்து அக்கம்பெனிகளுக்கு விலக்கில்லை என்று தமிழ்நாடு சர்க்கார் 2016ம் வருஷத்திலேயே தெளிவுபடுத்தி விட்டார்கள். அப்படியிருந்தும் சங்கத்தில் சேர்ந்தவர்கள் சொற்பமே. தங்களைத் "தொழிலாளி" என்று சொல்லிக்கொள்ள இவர்களுக்கு வெட்கமாயிருக்கின்றது. 1918ம் வருஷம் சென்னையில் பெரம்பூர் மில் ஆட்கள் சங்கம் கூடியபோது அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தங்களில் யாருக்கு எவ்வளவு கூலி என்பது மாத்திரம் அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. படித்த நம் வாலிபர்கள் அந்த ஒரு விஷயத்திலாவது அவர்களோடு சமமாகட்டும். இந்த மாதச் சம்பளம் வந்தவுடன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தன் சம்பளத்தைத் தானே முதலில் சொல்லி, பிறகு அவருடையதைக் கேட்கட்டும்.